மார்கழி வேண்டாம் அக்கா, ஆனியில் வாருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி இருக்கிறது? போன கிழமை போனில் கதைக்கும்போது சின்னவன் குறுக்கே குறுக்கே வந்து கத்தியதில் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். விசா கிடைத்தால் மார்கழியில் வருவதா, ஆனி ஆடியில் வருவதா என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு ஸ்னோ பார்க்க ஆசை, அதனால் மார்கழிதான் என்று நீங்களே ஒரு முடிவும் எடுத்துவிட்டீர்கள் போல இருந்தது. என்னைக் கேட்டால் மார்கழி வேண்டாம். நீங்கள் வந்தால் முதலில் கூட்டிக்கொண்டு போக நினைத்திருக்கும் ஊர் செர்மாற், இங்கே சுவிஸின் தெற்கே மலைகளுக்குள் இருக்கிற ஊர். அந்த ஊரை நான் இரண்டு காலத்திலும் பார்த்திருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் பேர்ணிலிருந்து ரெயினில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் ஒரு பெரிய சுரங்கம், 34 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 2007இல் திறந்தது. பேர்ண் பக்கம் மழையாக இருக்கும்போது உள்ளே நுழைந்து மறுபக்கம் வாலிஸ் மாநிலத்தில் வெளியே வந்தால் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும், பல தடவை அப்படித்தான். ஃபிஸ்ப் என்ற இடத்தில் இறங்கி ஒரு சின்னச் சிவப்பு ரெயினுக்கு மாற வேண்டும். ஏற்றமான இடங்களில் அது பற்சக்கரத்தில் பிடித்துப் பிடித்து ஏறும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தலைக்கு மேலே பாறை. ஊருக்குள் கார் விடமாட்டார்கள். காரில் வருகிறவர்களும் 5 கிலோமீற்றருக்கு முன்னாலேயே டெஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரெயினில்தான் வர வேண்டும். உள்ளே ஓடுவதெல்லாம் பெட்டி பெட்டியாகச் சின்னச் சின்ன பற்றரி வாகனங்கள், பின்னால் வந்து நிற்பதே தெரியாது, அம்மாவின் கையை விடக் கூடாது.

ஒரு விஷயம் கேட்டால் நம்பமாட்டீர்கள். செர்மாற் 1,608 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர். அத்தானோடு நுவரெலியாவுக்குப் போய் இரண்டு ஸ்வெற்றர் போட்டும் நடுங்கினீர்களே, அது இதைவிட உயரம்! ஆனால் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் அங்கே ஸ்னோ கொட்டுவதில்லை, இங்கே மாதக்கணக்கில் கொட்டும். ஊரின் தெற்கே மற்றர்ஹோர்ன் மலை, 4,478 மீற்றர், பக்கத்தில் வேறு ஒன்றும் ஒட்டாமல் தனியாக எழுந்து நிற்கும். எத்தனையோ சொக்லேற் பெட்டியில் படமாகப் பார்த்ததுதான், ஆனாலும் நேரில் கண்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை.

இனி மார்கழி, தை எப்படி என்று சொல்கிறேன். வடிவு இல்லை என்று சொல்லமாட்டேன். விடியப்புறம் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் போய் நின்றால் ஊர் முழுக்க இன்னும் இருட்டாக இருக்கும், மலையின் நுனி மட்டும் முதலில் சிவந்து, பிறகு பொன்னிறமாகி, அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அதைப் பார்க்கவே கமராவோடு சனம் நின்றுகொண்டிருக்கும். கூரையெல்லாம் முழ உயரத்துக்கு ஸ்னோ, ஜன்னலெல்லாம் விளக்கு. ஆனால் அதற்கப்புறம் நாள் முழுக்க என்ன செய்வது? ஸ்கீ ஓடத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம்தான், மேலே ஏறி எல்லை தாண்டி இத்தாலிப் பக்கம் சறுக்கிக்கொண்டு போய், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். எங்களைப் போல நடக்க வந்த சனத்துக்கு றோட்டு முழுக்க ஐஸ், சப்பாத்துக்கு அடியில் பல்லு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், அதோடு குளிர் முகத்தில் அறையும். பிள்ளைகளை நான் மேலே சறுக்குப் பலகையில் விட்டேன், அவர்களுக்கு நல்ல சந்தோஷம். அம்மா அங்கே ஹொட்டேல் வாசலில் கம்பளி போர்த்துக்கொண்டு இருப்பதை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு நத்தார், புதுவருஷ நாட்களில் அறை வாடகை எங்களால் தாங்கக் கூடியதே இல்லை.

இன்னொன்று, பனிச்சரிவு. 2018 தை மாதம் பெரிய பனிப்பொழிவில் றோட்டும் ரெயின் பாதையும் அடைபட்டு, ஏறக்குறைய 13,000 உல்லாசப் பயணிகள் ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகொப்ரரில்தான் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். இந்த ரெயின் பாதையை 1891இல் போட்டபோது இதே பயத்தால்தான் கோடையில் மட்டும் ஓட்டினார்கள், ஸ்னோ கொட்டும் மாரி முழுக்கப் பூட்டு. அந்த ஊர் முதலில் கோடைக்கால ஊர்தான் அக்கா, ஸ்கீ வந்ததெல்லாம் பிறகு.

இவருக்கும் அந்த ஊர் மாரியில்தான் முதலில் பழக்கம். கலியாணத்துக்கு முன்னம், இங்கே வந்த புதிதில், ஒரு பெரிய ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவினார். அந்த நாளில் வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு சுவிஸில் முதல் வேலை ஏதோ ஒரு குசினிதான். நிலத்துக்கு அடியில் குசினி, விடிய இருட்டோடு இறங்கினால் இரவு பதினொரு மணிக்குத்தான் மேலே வருவாராம். மத்தியானத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கிற ஓய்வில் நித்திரை மட்டும்தான். சீஸை உருக்கித் தொட்டுச் சாப்பிடும் ஃபொண்டூச் சட்டியில் அது காய்ந்து ஒட்டிப்பிடித்தால் சுரண்டி எடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இப்போதும் சொல்லுவார், வீட்டில் அதைச் செய்யவே விடமாட்டார். கூட வேலை செய்தவர்கள் அநேகமாகப் போர்த்துக்கீசர், அவர்கள் சொல்லிக் கொடுத்த பாஷையில் இன்றும் நாலு வார்த்தை வைத்திருக்கிறார். சித்திரைக் கடைசியில் ஸ்கீ முடிய ஊரில் பாதி ஹொட்டேல்களைப் பூட்டிவிட்டார்களாம், இவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேர்ணுக்கு வந்துவிட்டார். ஒரு மாரி முழுக்க அந்த மலையின் காலடியில் இருந்த மனுஷன் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவர் அனுப்பிய காசில்தான் அவருடைய தங்கச்சியின் கலியாணம் நடந்தது, உங்களுக்குத் தெரியும்.

பிறகு வருஷங்கள் கழித்து, பிள்ளைகளோடு ஆடி மாதத்தில் போனோம். அக்கா, அது வேறு ஊர். மர வீடுகளின் ஜன்னலெல்லாம் சிவப்புப் பூ, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், கிழவர் கிழவிகள் ஊன்றுதடியோடு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், எண்பது வயது இருக்கும் சிலருக்கு. காலையில் வெள்ளாடுகளை ஊரின் பெரிய தெரு வழியே மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள், பின்னேரம் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், அந்த ஆடுகள் முன்பாதி முழுக்கக் கறுப்பு, பின்பாதி முழுக்க வெள்ளை, யாரோ நடுவில் கோடு போட்டுப் பூசியது மாதிரி. செம்மறியும் அந்தப் பக்கத்துக்கே உரிய இனம், உடம்பு வெள்ளை, மூக்கும் காதும் முழங்காலும் கறுப்பு. எங்கள் அம்மா ஆடு வளர்த்த கை, அவவுக்கு மற்றர்ஹோர்னைவிட இதுகளைத்தான் பிடிக்கும் என்று எனக்கு நிச்சயம்.

பழைய ஊர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, சில நூறு வருஷத்து மரக் களஞ்சியங்கள், வெயிலில் காய்ந்து கறுத்துப்போனவை. ஒவ்வொரு களஞ்சியத்தையும் கால் வைத்துத் தூக்கி, காலுக்கு மேல் தட்டையான வட்டக் கல்லை வைத்து, அதற்கு மேல்தான் கட்டியிருக்கிறார்கள். எலி காலில் ஏறினாலும் கல்லைத் தாண்டி மேலே போக முடியாது. தானியம் அவர்களுக்கும் உயிர்தானே, காசுள்ள ஊராக ஆகுமுன் அது வறிய மலைக் கிராமம்.

பிறகு கோர்னர்கிறாற், ஊருக்கு மேலே இருக்கிற மலைமுகடு. அதற்கும் பற்சக்கர ரெயின், மின்சாரத்தில் ஓடுவது, 1898இல் திறந்ததாம், யோசித்துப் பாருங்கள்! அரை மணித்தியாலத்தில் 3,089 மீற்றருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். இலங்கையிலேயே உயரமான பீதுறுதலாகாலை 2,524 மீற்றர்தான். மேலே நின்றால் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட 29 சிகரங்கள் சுற்றிவர, சுவிஸிலேயே உயரமான 4,634 மீற்றர்ச் சிகரமும் அதற்குள், கீழே பனியாறு. நீங்கள் போன முறை அனுப்பிய பருத்தித்துறை வடையை அங்கே வைத்துத்தான் சாப்பிட்டோம், பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கும் கொடுத்தேன், உறைப்பு உறைப்பு என்று சொல்லிச் சொல்லி இரண்டாவதும் கேட்டு வாங்கினா. திரும்பி வரும்போது மேலிருந்து முதல் ஸ்ரேஷனிலேயே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு சின்னக் குளம், காற்று இல்லாத நேரம் மற்றர்ஹோர்ன் தலைகீழாக அதில் தெரியும். அங்கேதான் இவர் கல்லில் இருந்தபடி வெகுநேரம் அந்த மலையையே பார்த்தார். பிள்ளைகள் கூப்பிட்டும் எழும்பவில்லை. பிறகு ஊருக்குள் இறங்கி அந்த ஹொட்டேலின் பின்கதவைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். மகள் அன்றைக்குக் கேட்ட கேள்விகள்! எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், யாரோடு படுத்தீர்கள், அப்பம்மா அழுதாவா என்று. ரெயினில் பேர்ண் வரும்வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கே தெரியாத கதைகள் இரண்டு மூன்று அதில் வந்தன.

உங்களுக்கு வாசிக்கப் பிடிக்கும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த மலையில் முதன்முதலில் ஏறியது 1865 ஆடி (ஜூலை) 14ஆம் திகதி, எட்வேர்ட் விம்பர் என்ற இங்கிலாந்துக்காரரையும் சேர்த்து ஏழு பேர். இறங்கும்போது ஒருவர் கால் சறுக்க, கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து செத்துப்போனார்கள். ஒருவரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அறுந்த கயிற்றை ஊர் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெல்லிசு தெரியுமா, எங்கள் கிணற்றுக் கயிறு இதைவிட மொத்தம். அதற்கு ஆறு வருஷத்துக்குப் பிறகு, 1871இல், லூசி வோக்கர் என்ற பெண் ஏறினா, முதல் பெண் அவதான், அந்தக் காலத்து நீளப் பாவாடையோடு. மகளுக்கு அவவின் கதையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் மலையேறிச் செத்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகமாட்டேன். இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் பெயர்கள்.

ஆறப்போடாமல் வரச்சொல்ல இன்னொரு காரணம், பனியாறுகள் கரைகின்றன. 2022, 2023 இரண்டு வருஷத்தில் மட்டும் சுவிஸின் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கோர்னர்கிறாற்றில் நின்று பார்த்தாலே, ஐஸ் ஒரு காலம் எதுவரை இருந்தது என்று பாறையில் நிறம் மாறித் தெரியும், அதைக் கண்டால் வயிறு எரியும். 2024 ஆனியில் மழையும் உருகிய தண்ணீரும் சேர்ந்து ஊர் ஆறு கரை புரண்டு, செர்மாற்றுக்கு ரெயின் சில நாள் ஓடவில்லை. கோடையிலும் இப்போது வானிலை பார்த்துத்தான் வெளிக்கிட வேண்டியிருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது இவ்வளவு இருக்காது. அம்மா பார்க்கட்டும்.

ஸ்னோ ஆசை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஆனிக் கடைசியில் கோர்னர்கிறாற்றில் நிழல் பக்கங்களில் பழைய ஸ்னோ இன்னும் கிடக்கும், கையில் அள்ளலாம். இன்னும் மேலே 3,883 மீற்றரில் கேபிள் கார் போய் நிற்கும் இடத்தில் வருஷம் முழுக்க ஸ்னோதான், ஆடி மாதத்திலும் ஸ்கீ ஓடுகிறார்கள். ஆனால் அங்கே காற்று மெல்லிசு, எனக்கே தலை சுற்றியது. அம்மாவின் பிரஷருக்கு அது வேண்டாம். கோர்னர்கிறாற் போகலாமா என்று டொக்ரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதுவும் கூடாது என்றால் சுனெக்கா போகலாம், 2,288 மீற்றர்தான், மலைக்குள்ளால் ஒரு ரெயின் சில நிமிடத்தில் ஏற்றிவிடும், பக்கத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் குளம் இருக்கிறது, அம்மா கரையில் இருந்து மலையைப் பார்க்கலாம்.

காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். மலை ரெயினுக்கு ரிக்கெற் விலை கூடத்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு மாத அரைக்கட்டண அட்டை இருக்கிறது, அதை எடுத்தால் பெரும்பாலும் பாதிக் காசு. காலையில் வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பலாம், அறை எடுக்கத் தேவையில்லை, இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம்.

நல்லூர்க் கொடியேற்றத்தைத் தவறவிடமாட்டேன் என்று அம்மா சொல்லுவா, தெரியும். ஆனி நடுவில் வந்தால் ஒரு மாதம் நின்றுவிட்டு அதற்கு முன்னமே திரும்பலாம். பிள்ளைகளுக்கும் ஆடித் தொடக்கத்தில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னமே விசாவுக்குப் போட விடுகிறார்கள், ஆகவே தையிலேயே கடவுச்சீட்டை எடுத்துத் திகதி பாருங்கள், அம்மாவுடையது முடியப் போகிறதென்று நினைக்கிறேன். அழைப்புக் கடிதமும் மற்றப் பத்திரங்களும் நான் இங்கிருந்து அனுப்புகிறேன். அம்மா செருப்போடு வர வேண்டாம், காலைக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அளவான சப்பாத்து இங்கேயே வாங்கி வைக்கிறேன். அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். வடை கொஞ்சம் கூடவே கொண்டுவாருங்கள்.

அன்புத் தங்கச்சி