வெள்ளை அணு கூடினா நல்லதுன்னு எழுதாதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல காய்ச்சல் சீசன் பத்தி ஒரு முழுப்பக்கம் வந்திருந்துச்சு. கொசு, தண்ணி, தூக்கம் பத்தி எழுதினது எல்லாம் சரிதான். ஆனா வெள்ளை அணுக்கள் கூடுனா எந்த வைரஸும் நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல, அதான் எழுதுறேன். நான் 19 வருஷமா லேப் டெக்னீஷியன். டாக்டர் இல்ல, ஆனா தினமும் மைக்ராஸ்கோப்புல அந்த அணுக்களத்தான் பாத்துட்டு இருக்கேன்.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எங்க லேப்ல காலைல ஆறு மணிக்கே கியூ நிக்கும். சிபிசின்னு ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட்ல டிசின்னு ஒண்ணு வரும், எந்த வகை வெள்ளை அணு எத்தனை சதவீதம்னு. நார்மலா நியூட்ரோஃபில் 40ல இருந்து 70 வரைக்கும், லிம்போசைட் 20ல இருந்து 40 வரைக்கும் இருக்கும். மூச்சு திணறி வந்தவங்க ரிப்போர்ட்ல நியூட்ரோஃபில் 88, 90ன்னு நிக்கும், லிம்போசைட் 7, 8க்கு விழுந்துடும். ரிப்போர்ட்ட கையில குடுக்கறப்ப அவங்க வீட்டு ஆளுங்க முகத்த பாக்க முடியாது. வெள்ளை அணு கூடுனா நல்லதுன்னா அவங்க எல்லாரும் பொழைச்சிருக்கணும் இல்லையா?

நடக்குறது என்னன்னா, வைரஸ அடையாளம் பாத்து குறிவச்சு அடிக்கற வேலை லிம்போசைட்டோடது, அது கொறைஞ்சு போகுது. நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜ்ங்கற இன்னொரு வகை வெள்ளை அணுவும் கண்ட இடத்துல கைய வீசுற ரகம், அதுங்க நுரையீரலுக்குள்ள கூட்டமா எறங்கிடுது. மேக்ரோஃபேஜ் இன்டர்லூக்கின் 6 மாதிரி ரசாயனங்கள விட்டு இன்னும் ஆளுங்கள கூப்பிடுது, அந்த ரசாயனம் கல்லீரல் வரைக்கும் போய்தான், உடம்புல அழற்சி இருக்கறத காட்டுற சிஆர்பி ஏறுது. நியூட்ரோஃபில் இன்னொரு வேலையும் பண்ணும், தன்னோட டிஎன்ஏவையே வலை மாதிரி வெளிய வீசும். பெர்லின்ல மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சியாளர்கள் 2004ல பாக்டீரியாவ புடிக்க அது இப்படி வலை வீசுறத கண்டுபுடிச்சாங்க. கோவிட்ல அதே வலை நுரையீரல் ரத்தக்குழாய்ல போய் ரத்தத்த உறைய வைக்குது, ரத்தம் உறையறத காட்டுற டி-டைமர் அளவு ஏறுனதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டாவது வாரத்துல நெறைய பேருக்கு வைரஸ் கொறைய ஆரம்பிச்சிருக்கும், ஆனா ஆளு மோசமாயிட்டே போவாங்க. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்துன கதைதான்.

இத நிரூபிச்சது ஒரு சாதாரண மாத்திரை. டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, 60 வருஷத்துக்கு மேல புழக்கத்துல இருக்கறது, விலையும் ரொம்ப கம்மி. 2020 ஜூன்ல ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க நடத்துன ரெக்கவரிங்கற கொரோனா மருந்து ஆராய்ச்சியோட முடிவு வந்துச்சு. 2104 பேருக்கு தினமும் 6 மில்லிகிராம் குடுத்து, குடுக்காத 4321 பேரோட ஒப்பிட்டாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தவங்க 41.4 சதவீதத்துல இருந்து 29.3க்கு எறங்குச்சு. ஆக்ஸிஜன் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு 26.2ல இருந்து 23.3. இந்த மருந்து வைரஸ கொல்லாது, வெள்ளை அணுக்களோட ஆத்திரத்தத்தான் அடக்கும். அதுலயே இத்தனை உசிரு மிஞ்சுச்சு.

ஆனா அதே ஆராய்ச்சியில மூணாவது ஒரு கணக்கு இருக்கு, அதத்தான் நம்ம ஊர்ல யாரும் காதுல வாங்கல. ஆக்ஸிஜன் தேவைப்படாதவங்களுக்கு இந்த மாத்திரையால எந்த பலனும் இல்ல. மாத்திரை எடுத்தவங்கள்ல 17.8 சதவீதம் பேரு இறந்தாங்க, எடுக்காதவங்கள்ல 14. அது ஊர்ஜிதமான வித்தியாசம்னு சொல்ல முடியாதுதான், ஆனா நல்லது பண்ணலங்கறது உறுதி. காய்ச்சல் வந்த முதல் சில நாள் வெள்ளை அணுக்கள் வேலை செய்யணும், அப்ப போய் அதுங்க கைய கட்டிப்போட்டா வைரஸுக்குத்தான் கொண்டாட்டம்.

எங்க சித்தப்பாவுக்கு சுகர் உண்டு. காய்ச்சல் வந்த ரெண்டாவது நாளே பக்கத்துல ஒரு மெடிக்கல்ல கவர்ல போட்டு குடுத்த மாத்திரைய வாங்கி முழுங்கிட்டாரு, ஆக்ஸிஜன் 97 இருக்கு, மூச்சுல ஒரு கோளாறும் இல்ல. அதுல ஸ்டீராய்டு இருந்தது பின்னாடிதான் தெரிஞ்சுது. காய்ச்சல் சட்டுனு விட்டதால நல்ல மருந்துன்னு இன்னும் பத்து நாளைக்கு வாங்கிட்டு வந்தாரு, சுகர் 400 தாண்டிருச்சு, அப்புறம் கன்னத்துல வலி, கண்ணு வீக்கம். கருப்பு பூஞ்சை. வலது கண்ண எடுத்துதான் உசிர காப்பாத்துனாங்க. அந்த பூஞ்சைய நம்ம உடம்புல தடுக்கறதுல முக்கியமானது இதே நியூட்ரோஃபில்தான், ஸ்டீராய்டும் சுகரும் சேந்து அத செயலிழக்க வச்சிடுச்சு. அந்த மே மாசம் தமிழ்நாடு அரசு கருப்பு பூஞ்சைய கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்னு அறிவிச்சப்ப அவரு ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு.

இன்னொண்ணு, ஸ்டீராய்டு எடுத்தா ரத்தக்குழாய் ஓரமா ஒட்டிட்டு இருக்கற நியூட்ரோஃபில் எல்லாம் ரத்த ஓட்டத்துக்கு வந்துடும், ரிப்போர்ட்ல வெள்ளை அணுக்களோட டோட்டல் கவுண்ட் கூடும். அத பாத்துட்டு இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சுன்னு தானாவே ஆன்டிபயாடிக் வாங்குறவங்க இன்னிக்கும் இருக்காங்க. என்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு ரத்தம் எடுக்கறப்பவே நான் கேட்டு எழுதிடறேன், டாக்டருக்கு அது தெரியணும்.

இப்ப டெங்கு சீசன். இதுல கதை தலைகீழ், வெள்ளை அணுதான் மொதல்ல கொறையும், அதுக்கு அப்புறம்தான் பிளேட்லெட் விழும். காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் ரொம்ப கவனமா இருக்கணும், அப்பதான் ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும், ரத்தம் கெட்டியாகறத காட்டுற பிசிவி ஏறும். ஆனா ஜனங்க பிளேட்லெட் நம்பர மட்டும் பாத்துட்டு, காய்ச்சல் விட்டுடுச்சுன்னு குழந்தைய வீட்டுக்கு கூட்டிட்டு போயிடறாங்க.

அதனால அய்யா, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. காய்ச்சல் பக்கம் வர்ற நாள்லாம் ஓரத்துல ஒரு சின்ன கட்டம் கட்டி மூணு விஷயம் போட்டா போதும்: கவர்ல குடுக்கற மாத்திரைல என்ன இருக்குன்னு கேளுங்க, டாக்டர் சொல்லாம ஸ்டீராய்டு வேண்டாம், டெங்குல காய்ச்சல் விட்டதும் அடுத்த ரெண்டு நாள் வயித்து வலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. விளம்பரத்துக்கு நடுவுல அவ்வளவு எடம் கெடைக்கும்னு நம்புறேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பர 20 வருஷமா படிக்கற ஒரு லேப் டெக்னீஷியன்
(பெயர் போட வேண்டாம், சித்தப்பா வருத்தப்படுவாரு)