இடிப்பதற்கு முன் அளந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 முதல் இயங்கிவரும் ‘மினியேச்சர் வுண்டர்லாந்து’ என்ற மாதிரி ரயில் கண்காட்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. கிலோமீட்டர் கணக்கில் குட்டித் தண்டவாளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் என்று கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். கடைசியில் மட்டும், இதெல்லாம் பணமும் பெரிய கூடமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எட்டாது என்று முடித்துவிட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னிடமும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நான்கு அடி நீளம், ஓர் அடி அகலம். பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர் புதிதாக வாங்க முடியாதுதான். அதனால் எஞ்சினின் சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம், பாதை பிரியும் இடத்தில் வைக்கும் ‘பாயிண்ட்’ இரண்டு, கொஞ்சம் தண்டவாளம், இவை மட்டும் ஒருவர் பயன்படுத்தி விற்ற வெளிநாட்டுச் சரக்கு. எஞ்சினின் மேற்கூடு கல்யாணப் பத்திரிகை அட்டை.

எந்த அளவில் செய்வது என்பதில்தான் முதல் சிக்கல். உலகில் அதிகம் விற்பது ‘ஹெச்.ஓ.’ எனப்படும் 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குக் கணக்காக இருக்கும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. என்பதால் அதே அளவில் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆனால் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர், அதாவது 1,000 மி.மீ. உள்ள பழைய மீட்டர் கேஜ் பாதையை விரும்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதைவிடச் சிறிய தண்டவாளம் 9 மி.மீ. இடைவெளியில் கிடைக்கிறது. ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. நான் 110 என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கில், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் ஆறடி ஸ்லீப்பர் கட்டை பதினாறரை மி.மீ. ஆகிவிடும், அகலம் இரண்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய தீக்குச்சியின் பருமன்! கோவில்பட்டித் தீக்குச்சியில் மருந்தைக் கிள்ளிவிட்டு வெட்டினால் ஒரு குச்சிக்கு இரண்டு கட்டை தேறும். டீத்தூள் கொதித்த நீரில் துருப்பிடித்த ஆணியோடு ஊறப் போட்டால் வெயிலில் கிடந்த கட்டையின் கருமை ஏறிவிடும். ஜல்லிக்குக் கருங்கல் தூளை டீ வடிகட்டியில் சலிக்கிறேன். பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு சொட்டு கலந்து, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயால் விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு நின்று ஜல்லியையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

நான்கு அடிப் பலகை நிஜத்தில் 134 மீட்டர்தான். ஒரு சரக்கு ரயில்கூட முழுதாக நிற்காது. ஆகவே எதை விடுவது என்று யோசிப்பதில்தான் வேலையே இருக்கிறது. நிலையத்துக்கு வெகு முன்னாலேயே நிற்கும் அவுட்டர் சிக்னலை அளவுப்படி வைப்பதென்றால் எதிர்வீட்டுத் திண்ணையில் நட வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டேன். நிலைய நுழைவில் நிற்கும் ஹோம் சிக்னலை விட்டுவிட மனம் வரவில்லை. நான் மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டைப் பகுதியில் சிக்னல் மெயின்டெய்னராக இருந்தவன். கம்பி இழுத்து, கப்பிக்கு எண்ணெய் விட்டுச் சம்பளம் வாங்கியவன்.

பழைய கைகாட்டி சிக்னலின் கை கிடையாக இருந்தால் வண்டி நிற்க வேண்டும். கீழே சாய்ந்தால் போகலாம். தானாக விட்டால் கையின் கனத்துக்கு அது கீழேதான் விழும். அப்படி விழுந்தால் ஆபத்து என்பதால் எதிர்ப்பக்கம் எடை கட்டியிருப்பார்கள். கம்பி அறுந்துபோனாலும் அந்த எடை கையைத் தூக்கிக் கிடையாக்கிவிடும். என் கைகாட்டியின் கை எண்ணெய் டின் தகரத்தில் வெட்டியது, ஒரு சென்டிமீட்டர் இருக்கும்; கம்பம் ஊதுபத்திக் குச்சி. இந்தச் சிறிய உருவத்தில் எடையைவிட உராய்வு அதிகம். கையை வெறுமனே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம்; பார்க்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் கம்பியை வெட்டினால் நில் காட்டாத சிக்னலை நான் சிக்னல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தூண்டில்காரர்கள் கட்டும் ஈயக் குண்டைப் பலகைக்கு அடியில் தொங்கவிட்டேன். இப்போது நூலை விட்டதும் கை ‘டக்’கென்று எழுகிறது.

இவ்வளவு சின்ன இடத்தில் ரயில் விட்டால் உடனே அலுத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அதற்கு ஒரு விடை சொல்லிவைத்தார். மூன்று கிளைப் பாதைகள். ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன் நிற்க இடம். மொத்தம் எட்டு வேகன். குலுக்கலில் வரும் ஐந்தை வந்த வரிசைப்படியே கோத்து வெளியே எடுக்க வேண்டும். 6,720 விதமான வரிசைகள் வரலாம். என் பேரனும் நானும் இதைத்தான் ஆடுகிறோம். ஒற்றைப் பாதையில் வண்டி புறப்பட அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் பந்து டோக்கனுக்குப் பதில் கோலிக்குண்டு. அது கைக்கு வராமல் எஞ்சினை நகர்த்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. அவனைவிட நான்தான் அதை மீறத் துடிக்கிறேன் என்பான்.

பணமும் இடமும் தடையில்லை. உண்மையான தடை வேறு. நான் செய்ய ஆசைப்பட்டது பகவதிபுரம் நிலையத்தை. தமிழ்நாட்டுப் பக்கத்தின் கடைசி நிலையம். அதைத் தாண்டினால் குகைப்பாதை, பிறகு கேரளத்தின் ஆரியங்காவு. 1904-இல் திறந்த இந்தச் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பரோடு நின்றது. 2018-இல் முழுவதும் அகலப் பாதையாயிற்று. கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் அந்தப் பாதையின் சிறு நிலையங்களில் தாழ்வாரம் எத்தனை அடி நீண்டது, டிக்கெட் ஜன்னல் தரையிலிருந்து என்ன உயரம், சிக்னல்களை இயக்கும் கேபினின் படி எத்தனை அங்குலம் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். கேட்ட ஆவணம் இங்கு இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ஆகவே என் பலகையில் இருப்பது எந்த ஊர் நிலையமும் அல்ல. கிடைத்த படங்களில் செங்கல் வரிசையை எண்ணிச் சுவரின் உயரத்தைக் கணக்கிட்டேன். படத்தின் ஓரத்தில் தண்டவாளம் குறுக்காகத் தெரிந்தால் நல்ல காலம். அதுவே ஒரு மீட்டர் கோல். பெயர்ப் பலகைக்கு மஞ்சள் அடித்துவிட்டு, எழுத்து எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பழைய எஞ்சின்களை நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்தி வண்ணம் பூசுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒரே வகை எஞ்சினை நூற்றுக்கணக்கில் செய்தார்கள், வரைபடம் எங்காவது இருக்கும். சிக்னல் கம்பியை இழுக்கும் லீவர் வரிசையும் கேபினும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் பல நிலையங்கள் புதிதாகின்றன. அதை நான் எதிர்க்கவில்லை. மூட்டுவலிக்காரனுக்கு மின்தூக்கி வேண்டும். கடப்பாரை விழுவதற்கு முன் ஒரு நாள் அளவு நாடா விழட்டும் என்றுதான் கேட்கிறேன். பக்கத்துப் பாலிடெக்னிக்கின் கட்டுமானப் பிரிவு மாணவர்களை அழைத்தால் போதும். தரைப்படம், முன்தோற்றம், பக்கத்தோற்றம், கதவு ஜன்னல் அளவு ஆகியவற்றை ரயில்வே தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடலாம். கோட்ட அலுவலகங்களில் மிச்சமிருக்கும் பழைய வரைபடங்களையும் ஸ்கேன் செய்து சேர்க்கலாம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வழியனுப்பப் போன இடத்தில் நடைமேடையில் குடும்பத்தோடு எடுத்த பழைய படம் பல வீடுகளில் இருக்கும். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு தூணோ, தண்ணீர்த் தொட்டியோ, கைகாட்டி மரமோ தெரிந்தால், ஊர் பெயரும் ஆண்டும் குறித்துத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒரு படம் வெளியிட்டாலும் போதும். விருதுநகரிலிருந்து புனலூர் வரை எந்த நிலையமானாலும் சரி. தண்டவாளம் குறுக்கே தெரியும் படமானால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல் மெயின்டெய்னர்,
தென்காசி