வன்னி வைத்தியசாலைகளில் அவசர சிகிச்சைத் தாதியருக்கு உயர்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கில் தாதியர் ஆளணி போதாது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வெற்றிடங்கள் நிரப்பப்படத்தான் வேண்டும். இருக்கிற தாதியருக்கு அவசர நோய்நிலைகளில் என்ன மேலதிகப் பயிற்சி கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. மல்லாவியிலோ முழங்காவிலிலோ நெடுங்கேணியிலோ இரவு ஒருவர் மூச்சுத் திணறி வந்தால், முதலில் கை வைப்பவர் பெரும்பாலும் தாதிதான். விசேட வைத்திய நிபுணர் இருக்கும் இடத்துக்கு நோயாளர் காவுவண்டியில் போய்ச் சேரும் வரை நோயாளி இருப்பதும் அவர் கையில்தான்.

அமெரிக்காவில் 1965இல் கொலராடோவில் உயர்பயிற்சித் தாதியருக்கான (nurse practitioner) முதல் பயிற்சி தொடங்கியது. இன்று அங்கே வளர்ந்தோரின் தீவிர நோய்களுக்கென்றே தனிப் பட்டமேற்படிப்பு உண்டு. அதை முடித்தவர்கள் நோயாளியைப் பரிசோதித்து, அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மருந்தும் எழுதுகிறார்கள். எங்கள் நாட்டில் அப்படியொரு பதவி இல்லை. அதை உருவாக்கச் சட்டம் மாற வேண்டும், காலம் எடுக்கும். ஆனால் அந்தப் படிப்பின் உயிர்நாடியான பகுதி, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டு முதல் மணித்தியாலத்தில் செய்யவேண்டியதைச் செய்வது. இதற்குச் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிரித்தானியாவில் 2012இல் தொடங்கி 2017இல் திருத்தப்பட்ட முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையை (NEWS2) எடுங்கள். ஒவ்வோர் அளவீடும் வழமையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்பப் புள்ளி பெறும். ஒரு நோயாளியின் சுவாச வீதம் 24, ஒட்சிசன் செறிவு 93 வீதம், நாடித்துடிப்பு 112, மேல் குருதி அமுக்கம் 105, காய்ச்சல் 38.4 பாகை செல்சியஸ், நினைவு தெளிவு. தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. புள்ளிகளைக் கூட்டினால் 2, 2, 2, 1, 1 என 8 வருகிறது. 7 வந்தாலே உடனடியாக மூத்த வைத்தியரை அழைக்க வேண்டிய நிலை. இப்போது, விடுதிகளில் வழக்கமாக நடப்பதுபோல, ஒரு நிமிடம் முழுதாக எண்ணாமல் சுவாச வீதத்துக்கு "20" என்று எழுதிவிட்டால் அந்த 2 புள்ளி போய்விடும். கூட்டுத்தொகை 6 ஆகி, அழைப்பும் தாமதமாகும். படிவத்தை அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் இது திருந்தாது. கட்டிலருகே மேற்பார்வையாளர் நின்று, தானும் எண்ணிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

வயல் வேலைக் காலத்தில் வரும் பாம்புக்கடி இன்னொன்று. குருதி உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்கு வேண்டியது, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயும் 2 மில்லிலீற்றர் நாளக் குருதியும்தான். பிளாஸ்ரிக் குழாயில் எடுத்தாலோ சவர்க்காரத்தில் கழுவிய குழாயில் எடுத்தாலோ, விஷம் ஏறாதவரின் குருதியும் உறையாமல் நிற்கக்கூடும். 20 நிமிடம் முடியுமுன் குழாயை ஆட்டிப் பார்ப்பதும் பிழை. முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று நோயாளியை வீட்டுக்கு விடுவது அதைவிட ஆபத்து. புடையன் (கண்ணாடி விரியன்) விஷம் பிந்தியும் வேலை செய்யும், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும் தாதி கட்டிலை விட்டு நகரக்கூடாது. ஒவ்வாமை கடுமையாகி அமுக்கம் விழுந்தால், அல்லது மூச்சு இழுத்தால், மருந்தை நிறுத்தி, வளர்ந்தவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றரைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அந்த ஊசி முன்கூட்டியே இழுத்து, பெயர் ஒட்டி, தட்டில் இருக்க வேண்டும். வைத்தியரைத் தொலைபேசியில் தேடி அனுமதி வாங்கும் நிமிடங்களில் நோயாளி கைவிட்டுப் போய்விடலாம். ஆகவே பயிற்சியோடு, வைத்திய நிபுணர் கையொப்பமிட்ட எழுத்துமூல நிலையான கட்டளையும் வேண்டும். அது இல்லாவிட்டால், தெரிந்த தாதியும் பின்னர் விளக்கம் கேட்பார்களே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இது வைத்தியரின் இடத்தைப் பிடிக்கும் வேலையல்ல. எந்த நோய்நிலையில், எவ்வளவு, எத்தனை தரம், உடனே யாருக்கு அறிவிப்பது என்பதை வைத்தியரே வரையறுக்கிறார்.

மண்டபத்தில் அரைநாள் விரிவுரை நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எமது யோசனை 6 மாதம். முதல் 4 வாரம் பாடம். மீதி முழுவதும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் அவசர, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மேற்பார்வையுடன் கடமை. செய்த ஒவ்வொரு செய்முறையும் பதிவேட்டில் ஏறி, மேற்பார்வையாளர் கையொப்பமிட வேண்டும். இறுதியில் எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது, செய்து காட்டும் பரீட்சையும் வேண்டும்.

இதெல்லாம் வழக்கமாக எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்ததே. பயிற்சிக்குப் போனவரின் இடத்துக்குப் பதில் ஆள் வராது, விடுதியில் மிஞ்சியவர்கள் இரட்டைக் கடமை செய்து களைப்பார்கள், அடுத்த முறை பொறுப்புத் தாதி ஒருவரையும் விடமாட்டார். பயிற்சி முடித்து வந்தவரைக் கிளினிக்கில் போட்டுவிடுவார்கள், அல்லது வருடாந்த இடமாற்றத்தில் அவர் வேறு மாகாணத்துக்குப் போய்விடுவார். பதிலாளை முதலே ஒதுக்குங்கள். பயிற்சி பெற்றவர் குறைந்தது 3 வருடம் அதே பிரிவில் இருப்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள், அதற்கான மேலதிகக் கொடுப்பனவையும் சேர்த்து. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் இருந்து தலா 2 பேருடன் முதல் அணியைத் தொடங்க மாகாண சுகாதாரத் திணைக்களம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தாதியக் கல்வியாளர்கள் சிலர்,
வன்னி.