ஆர்மோனியம் நனைந்த வருஷம்

களியக்காவிளை,
டிசம்பர் 16.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன், அவளுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழை ஓய்ந்து பத்து நாளாகிறது. விடியுமுன்னே ரப்பர் வெட்டுகிறவர்களின் தலைவிளக்கு தோட்டத்துக்குள் மினுங்கிக்கொண்டு போவதைத் திண்ணையிலிருந்து பார்க்கிறேன். மூத்த மகள் நெய்யாற்றின்கரையிலிருந்து பிள்ளைகளோடு இருபத்திரண்டாம் தேதி வருகிறாள். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்தாயிற்று. கருப்பட்டிதான் நல்லதாகக் கிடைக்கவில்லை.

மனசில் ஒரு காரியம் கிடந்து உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை ராத்திரி கிறிஸ்துமஸ் கேரல் பாடும் கூட்டம் வந்தது. நம் காலத்தைப் போல பெட்ரோமாக்ஸும் ஈர்க்கிலில் கட்டிய நட்சத்திரமும் இல்லை; மினி வேன், கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர். பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். மூன்றாவது பாட்டின் முதல் சுரம் விழுந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் ஆசானின் பாட்டு! மேய்ப்பர்களுக்குப் பதிலாக பனையேறிகள் விடியற்காலையில் மரத்தின் உச்சியிலிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பார்களே, ராஜாக்கள் பொன்னுக்குப் பதிலாக ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டு வருவார்களே, அதே பாட்டு. முடிந்ததும், முன்னால் நின்ற பையனிடம் இதை எழுதியது யார் என்று கேட்டேன். "அது பழைய மலையாளப் பாட்டு தாத்தா, யாரோ தமிழில் மாற்றியிருக்கிறார்கள்" என்றான். எல்லோருக்கும் கேக்கும் கட்டன் காப்பியும் கொடுத்து அனுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. இந்த வருஷம் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு, நாம் பாடும் பாட்டுகள் பிறந்த கதையைச் சொல்லித்தரும்படி நம் சபைப் போதகர் ஐயர் என்னிடம் கேட்டிருந்தார். அதற்காக ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் பாதியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு 'ஒப்பில்லா திரு இரா' பாடுவோமே, அதை எழுதியவர் யோசேப் மோர் என்ற உதவிப் பாதிரியார். 1792-ல், இன்றைக்கு ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்தவள். தகப்பன் படையை விட்டு ஓடிப்போன சிப்பாய். அவர்களுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. இப்படிப் பிறந்த பிள்ளை அந்தக் காலத்தில் எத்தனை பேச்சுக் கேட்டு வளர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார். 1816-ல் மரியாபார் என்ற மலைக் கிராமத்தில் இருந்தபோது ஆறு சரணமாக அந்தக் கவிதையை எழுதினார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் கோடையே வராமல் விளைச்சல் அழிந்து ஜனங்கள் பட்டினி கிடந்த வருஷமும் அதுதான். அப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு மனுஷன் அமைதியைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று அறிந்த பிறகு, அந்த முதல் வரி எனக்கு வேறு கனத்தோடு கேட்கிறது.

இரண்டு வருஷம் அந்தத் தாள் அவரிடமே கிடந்தது. 1818 டிசம்பர் 24 அன்று, சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரில், கோயிலில் ஆர்கன் வாசித்துவந்த பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கித்தாருக்கும் பொருந்தும்படி மெட்டுப் போடச் சொன்னார். குரூபர் பக்கத்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அன்றே மெட்டுப் போட்டார், அன்று ராத்திரியே இருவரும் பாடினார்கள். மோர் மேல்குரலோடு கித்தாரும் வாசித்தார், குரூபர் கீழ்க்குரல்.

அதன் பிறகு நடந்ததுதான் என் மனசைப் பிடித்து ஆட்டியது. ஆர்கன் செய்கிற மவுராக்கர் என்பவர் பாட்டைத் தன் ஊர்ப் பக்கம் கொண்டுபோனார். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பாடும் குடும்பங்கள் அதை எடுத்துக்கொண்டன. 1839-ல் ரைனர் குடும்பத்தார் நியூயார்க்கிலேயே பாடிவிட்டார்கள். பாட்டு ஓடியது, பெயர் கூடவே போகவில்லை. ஹெய்டன் போட்டது, மொசார்ட் போட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் 1854-ல் பெர்லின் அரசவை இசைக்குழு, இது மிக்கேல் ஹெய்டனுடையதா என்று விசாரித்து சால்ஸ்பர்க்குக்கு எழுதியது. அந்த விசாரணை குரூபரின் காதுக்கு எட்டியது. அவர் உட்கார்ந்து, எந்த நாள், எந்த ஊர், யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று தன் கைப்பட எழுதிவைத்தார். மோர் அதைப் பார்க்கவில்லை. 1848-லேயே வாக்ரைன் என்ற மலையூரில் ஏழையாக இறந்துவிட்டார். குரூபர் எழுதியும் பலர் நம்பவில்லை. 1995-ல் மோரின் சொந்தக் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. வரிகள் 1816-ல் எழுதியவை, மெட்டு குரூபருடையது என்று அதில் இருக்கிறது.

ஆர்கன் பழுதாகிவிட்டது, எலி கடித்துவிட்டது, அதனால்தான் கித்தார் என்று ஒரு கதையை நாமும் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறோம். குரூபரின் கடிதத்தில் எலியும் இல்லை, பழுதும் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோருக்குப் படமே கிடையாது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று அறிய 1912-ல் ஒரு சிற்பி கல்லறையைத் தோண்டி மண்டையோட்டை எடுத்து, அதை வைத்து உருவம் செய்தார். அந்த மண்டையோடு இப்போது ஓபர்ன்டார்ஃபில் 1937-ல் அர்ச்சித்த சிற்றாலயத்தின் சுவருக்குள் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒருவரும் ஒரு படம் வரைந்துவைக்கவில்லையே என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

'கேள் ஜென்மித்த ராயர்க்கே' கதையும் இதற்குக் குறைந்ததில்லை. சார்லஸ் வெஸ்லி 1739-ல் எழுதிய முதல் வரி வேறு; அதில் தூதர்கள் பாடவில்லை, ஆகாயம் முழங்கியது. 1753-ல் ஜார்ஜ் வைட்ஃபீல்டு அதைத் திருத்தினார். மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனுடையது. அவர் அதை 1840-ல் லைப்சிக்கில், அச்சுக்கலையின் நானூறாவது ஆண்டு விழாவுக்காக, கூட்டன்பர்கைப் போற்றிப் பாடப் போட்டார். வேறு வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தெய்வீக வார்த்தைகளுக்கு இந்த மெட்டு ஒருநாளும் ஒத்துவராது என்று அவரே எழுதியும் இருக்கிறார். 1855-ல் வில்லியம் கம்மிங்ஸ் என்ற இளைஞர் இரண்டையும் சேர்த்துவிட்டார். அப்போது வெஸ்லி போய் அறுபத்தேழு வருஷம், மெண்டல்சன் போய் எட்டு வருஷம். நாம் பாடுகிற இந்தப் பாட்டை அவர்கள் இருவருமே காதால் கேட்டதில்லை, மக்கா.

பேரன் நாள் முழுக்கப் பாடும் 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857-ல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்டது. அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, முழுக்கப் பனிச்சறுக்கு வண்டிச் சவாரிதான். 1965-ல் ஜெமினி 6 விண்கலத்திலிருந்து இரண்டு விண்வெளி வீரர்கள் மவுத் ஆர்கனும் குட்டி மணிகளும் வைத்து வாசித்தார்கள் என்று சொன்னதிலிருந்து, அவன் அந்த மணியை வாங்கித் தரச்சொல்லி நச்சரிக்கிறான்.

வெள்ளைக் கிறிஸ்துமஸைக் கனவு காணும் அந்த இங்கிலீஷ் பாட்டை நீ கிராமபோனில் கேட்டுக் கிறங்கிப் போவாயே, அதை எழுதிய இர்விங் பெர்லின் ஒரு யூதர். ரஷ்யாவிலிருந்து சின்ன வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். 1928 டிசம்பர் 25 அன்று அவருடைய மகன், பிறந்து மூன்றே வாரமான குழந்தை, இறந்துபோனது. அதற்குப் பிறகு அவருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்? 1942-ல் பிங் கிராஸ்பி பாடி உலகமெல்லாம் கேட்டது. அந்தப் பாட்டின் அடியில் ஒரு துக்கம் கேட்கிறது என்று நீ அன்றைக்கே சொன்னாய். எனக்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது.

நம் பக்கத்திலும் பார். பாறசாலை தாண்டினால் கேரல்காரர்கள் ஒரு வீடு விடாமல் பாடும் 'சாந்த ராத்திரி திருராத்திரி' பாட்டு 1979-ல் வந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படத்தில் உள்ளது. எழுதியவர் காட்டாக்கடைக்குப் பக்கத்துப் பூவச்சல் காதர். ஒரு முஸ்லிம் கவிஞர் எழுதியதைத்தான் கேரளம் முழுக்கக் கோயில்களில் பாடுகிறார்கள். மெட்டு எம். கே. அர்ஜுனன். படத்துக்கு எழுதியதால் பெயர் நின்றது. நம் ஆசான் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பையன் அப்படிச் சொன்ன மறுநாள் பாடகர் குழுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆசானைப் பற்றிச் சொன்னேன். இளவயதில் பனையேறியவர், மார்பில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் காதில் விழுந்த எந்த ராகத்தையும் ஆர்மோனியத்தில் கொண்டுவந்துவிடுவார் என்றேன். பிறகு பாட்டுப் பிறந்த கதையைச் சொன்னேன். 1973 டிசம்பரில் மழை விடாமல் பெய்தது, தோட்டை, அதாவது ஓடையை, கடக்கும்போது ஆர்மோனியம் நனைந்து துருத்தி ஊறிப்போனது, அதனால் ஆசான் சிரட்டைத் தாளத்துக்கு மட்டும் பாடும்படி ஒரே ராத்திரியில் இந்தப் பாட்டைக் கட்டினார் என்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "நீங்கள் சொல்வது சரியில்லை" என்றாள். அவளுடைய அம்மா ஆசானின் பக்கத்து வீடு அல்லவா. அந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் ஆசானின் கடைசி மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் குழந்தையைத் தூங்கவைக்க அவர் பாடிய தாலாட்டின் மெட்டுதான் இது. சிரட்டை எடுத்தது ஆர்மோனியம் நனைந்ததால் இல்லை, குழந்தை அதைத் தட்டித்தான் விளையாடும் என்பதால். இப்படி அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்றாம் சரணத்தில் பாட்டு ஏன் அவ்வளவு மெதுவாகிறது, அங்கே வந்ததும் ஆசான் ஏன் கண்ணை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. எலி கடித்த கதையைப் போல ஆர்மோனியக் கதையை நான்தான் இத்தனை வருஷமாகக் கட்டிச் சொல்லிவந்தேனோ?

ஆர்மோனியத்தைத் தலையில் சுமந்தது நீ. அந்த டிசம்பர் முழுக்க ஆசான் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கியதும் நீதான். தோட்டில் நடந்தது என்ன, பாட்டு அதற்கு முன்பே இருந்ததா, அவர் அதை முதலில் யாருக்குப் பாடிக் காட்டினார் என்று உனக்குத்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி உன் கையால் எழுதி, ஆசானின் முழுப்பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் போட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் இட்டு அனுப்பு. ஒரு பிரதி கோயில் புத்தகத்தில் ஒட்டப்படும், ஐயர் சம்மதித்துவிட்டார். இன்னொன்றை அந்தப் பையன் கையில் நானே கொடுப்பேன். ஆசான் மகளின் பெயரும் உனக்கு நினைவிருந்தால் எழுது. என் மனைவிக்குக் கூட அது தெரியவில்லை.

மூன்றாம் சரணத்தின் இரண்டாவது வரி எனக்கு மறந்துவிட்டது. பிள்ளைகளும் அந்த இடத்தில் 'லல்லலா' என்று இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கடிதம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அந்த ஒரு வரியை மட்டும் முதலில் போனில் சொல்லிவிடு. இருபத்துநாலாம் தேதி ராத்திரி பாட வேண்டும்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கேரல் கூட்டாளி