கால் நாள அடைப்புக்கு ஒரு பதிவேடு வேண்டும்

யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆய்வாளர்களுக்கும் இங்குள்ள கிளினிக்குகளில் கால் வீக்கத்தோடு வருபவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். காலின் ஆழ்நாளத்தில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உள் நாளத்தில், ரத்தம் கட்டி, மருந்து எடுத்து, சுகம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கால் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது? இதைத் தொடர்ந்து பார்த்துப் பதியும் ஆய்வொன்றை யாழ்ப்பாணத்தில் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் அம்மா அப்படி வீட்டுக்கு வந்தவர். இடது கால் வீங்கியதும் ஊரில் யானைக்கால் என்றார்கள். அந்த நோயை இலங்கை கட்டுப்படுத்திவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது; ஆனாலும் வீங்கிய காலைக் கண்டால் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்தது, கடித்தது, சொறிந்த இடம் புண்ணானது. கட்டுத் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சேலைன் ஊற்றி ஊற வைத்துத்தான் எடுப்போம். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இருப்பார்.

ரத்தக் கட்டி கரைந்தாலும் நாளத்துக்குள் தழும்பு மிஞ்சுகிறது, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் பழுதாகின்றன. ரத்தம் மேலே ஏற வழியில்லாமல் கணுக்காலில் அழுத்தம் தேங்குகிறது. ஆழ்நாளத்தில் ரத்தம் கட்டியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 50 பேர் வரை இந்த நிலைக்கு வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இடது காலில் ரத்தம் அதிகம் கட்டுவதற்கு ஒரு காரணம், இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் தமனி இடது காலிலிருந்து வரும் நாளத்தின் மேலாகச் சென்று அதை அழுத்துவது.

ரத்தக் கட்டியைக் குழாய் விட்டு உடனே கரைத்தால் இந்தப் பின்விளைவு வராது என்று மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவில் 692 பேரைச் சேர்த்து நடத்திய அட்ராக்ட் என்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. கரைத்தவர்கள், கரைக்காதவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பின்விளைவு வந்தது. கரைத்தவர்களுக்கு ரத்தக்கசிவும் கூடியது. ஏற்கெனவே அடைபட்ட இடுப்பு நாளத்தை ஸ்டென்ட் என்ற சிறு வலைக் குழாய் வைத்துத் திறப்பது வேறு கேள்வி. அதற்காக அமெரிக்காவில் சி-ட்ராக்ட் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள்.

ஆனால் அங்கே கிடைக்கும் விடை இங்கே அப்படியே பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? வீக்கத்தைக் குறைக்கப் போடச் சொல்லும் இறுக்கமான காலுறையைச் சித்திரை வெயிலில் எத்தனை பேர் மாலை வரை போட்டிருப்பார்கள்? காலில் பொலித்தீன் பை போட்டு அதன் மேல் காலுறையை வழுக்கி ஏற்றுவதற்கே எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டும். மீன் சந்தையில் நாள் முழுக்க நிற்பவருக்கும், ஈரத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குபவருக்கும் காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் இங்கே கேட்டால்தான் தெரியும்.

தொடங்குவதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. இந்தப் பின்விளைவைப் புள்ளி போட்டு அளக்கும் வில்லால்டா அளவீட்டில் நோ, பாரம், பிடிப்பு, விறைப்பு (மரத்துப்போதல்), கடி என ஐந்து கேள்விகள்; கண்ணாலும் கையாலும் பார்க்க ஆறு அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வாங்க கிளினிக்குக்கு வருபவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டுப் பதியலாம். பயிற்சி பெற்ற தாதியே செய்துவிடலாம். புள்ளி ஏறுபவர்களை மட்டும் ஸ்கானுக்கு அனுப்புங்கள். நாளை ஸ்டென்ட் வசதி இங்கே வரும்போது யாருக்கு அது முதலில் தேவை என்பதை அந்தப் பதிவேடு காட்டும்.

கேள்விகளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழில் எழுதுங்கள். அம்மா கையொப்பமிட ஆயத்தம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்