பையனுக்கு முகம் சரியில்லையா?

ரங்கூன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மௌல்மீனில் மழை விட்டதா? இங்கே ரோட்டில் இன்னும் தண்ணீர்தான்.

உன் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் சிரிக்கவே இல்லை, "இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொன்னதை எப்படி நம்புவது" என்று உன் வீட்டுக்காரி தங்கச்சி கேட்கிறதாக எழுதியிருக்கிறாய். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று எங்கோ கேட்ட கணக்கையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். அதைத் தள்ளி வை. 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல்காரர் ஒற்றைச் சொற்களை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளைச் சேர்த்து வந்த கணக்கு அது. பேசுகிறவருக்குப் பிரியமா வெறுப்பா என்பதுதான் அங்கே கேள்வி. உண்மையா பொய்யா என்பது இல்லை. மேடைப் பேச்சாளர்கள்தான் அதை எல்லாப் பேச்சுக்கும் நீட்டிவிட்டார்கள்.

ஆனாலும் தங்கச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தெரியாத முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே 'நம்பலாம், நம்பக்கூடாது' என்று ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தும் முடிவு அவ்வளவாக மாறவில்லை. தான் நினைத்ததுதான் சரி என்ற தெம்பு மட்டும் ஏறியது. எனக்கு இதுதான் பயம். சும்மா இருக்கிற முகத்திலேயே உதட்டோரம் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் நல்லவன், புருவம் இறங்கியிருந்தால் ஆகாதவன். அப்படிப் பிறந்தவன் என்ன செய்வான்?

இந்தப் பையனோ மொகல் தெருவில் ரத்தினக் கல் வியாபாரம் பண்ணுகிறவன். மோகோக் ஊர்ச் சிவப்புக் கல் கையில் விழும்போது முகத்தில் ஒரு தசை அசைந்தால் போதும், விலை ஏறிவிடும். அந்த முகத்தை அப்படியே பெண் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான், மடையன்!

பொய்யை முகம் பார்த்துப் பிடிக்கலாம் என்பதும் வீறாப்புத்தான். பாண்ட், டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மனிதர்கள் சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும்.

அதனால் நான் தெருவில் விசாரித்தேன். சீட்டு, எழுத்து எதுவும் இல்லாமல் கல்லை நம்பிக் கொடுக்கிறார்கள். விற்காவிட்டால் சொன்ன நாளில் திருப்பிவிடுகிறானாம். ஒரு குறை, சாயந்திரமானால் டீக்கடையை விட்டு எழுந்திருக்க மாட்டான். நமக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை.

தங்கச்சியிடம் பேசிவிட்டு எழுது. சரி என்றால் அவன் அப்பாவை அடுத்த வாரமே பார்க்கிறேன். மகளிடமும் ஒரு வார்த்தை கேள். நீங்கள் இருவரும் எழுதியதில் அவள் பேச்சே இல்லையே.

உன் கூட்டாளி