தாருஸ்ஸலாமின் சாக்கடைகளை அளந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அர்தி பல்கலைக்கழகத்திலும் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டே ரமானி ஹுரியாவுக்காகத் தெருத்தெருவாக நடந்த தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு வழிகாட்டிய தான்சானிய ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

ரமானி ஹுரியா என்றால் சுவாஹிலியில் திறந்த வரைபடம்; தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் வெள்ளம் புகும் பகுதிகளை ஊர்க்காரர்களோடு சேர்ந்து வரைபடமாக்கிய திட்டம். 2015-ல் தொடங்கிய அந்த வேலையில் நானும் ஒரு ஓரமாக இருந்தேன். வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, கூரை கூரையாகக் கோடு போட்டு, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அவர்களில் நானும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

இந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் ட்ரோன் படத்தைத்தான் போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரத்தின் தண்டாலே பகுதியில் ஒட்டி ஒட்டி நிற்கும் தகரக் கூரைகளை மேலிருந்து பார்த்தால் அது ஒரு வீடா மூன்று வீடா என்றே பல நேரம் புரியாது. நடுவே ஓடும் சாக்கடையின் ஆழம் என்ன, அகலம் என்ன, சிமென்ட் போட்டதா வெறும் மண்ணா, குப்பை அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் சுத்தமாகத் தெரியாது. இறங்கிப் பார்த்து, அளந்து, கைபேசியில் பதிந்து தந்தவர்கள் நீங்கள். அங்கே என்னென்ன மிதந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. கல்லூரிப் பயிற்சிக் கணக்கில் அது சேர்ந்திருக்கும். அதற்காக மட்டும் யாரும் சாக்கடைக்குள் இறங்கிவிட மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய உதவி நீங்கள் கேட்ட கேள்வி. புகு குன்றுகளில் பிறந்து நகரத்தின் ஊடாக இந்தியப் பெருங்கடலுக்கு வரும் ம்சிம்பாசி ஆறு, மழைக்காலத்தில் ஜங்வானி, கிகோகோ ஆகிய பகுதிகளை மூழ்கடிக்கும். 2011 டிசம்பர் வெள்ளத்தில் நகரில் குறைந்தது 40 பேர் இறந்தார்கள். எந்தச் சந்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது அங்கே குடியிருந்தவர்களின் நினைவில்தான் இருந்தது. நீங்கள் கேட்கக் கேட்க, முழங்கால் அளவு, இடுப்பளவு, ஜன்னல் வரை என்று அவர்கள் காட்டினார்கள். அது வரைபடத்தில் ஏறிய பிறகுதான் இனாசேஃப் போன்ற இலவச மென்பொருளில், எந்த வெள்ளத்துக்கு எத்தனை கட்டடம் மூழ்கும் என்று கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்குக்கு அடியில் இருப்பது சுவரைத் தொட்டுக் காட்டிய மனிதர்களின் கை. அவர்களுக்கு என் முதல் நன்றி. பத்து வீட்டுக்கு ஒருவர் என்று இருக்கும் ம்ஜும்பேக்கள் கூடவே நடந்து, எந்த வீடு யார் எல்லையில் வருகிறது என்று சொல்லியிருக்காவிட்டால் பாதி வரைபடம் பெயரில்லாமல் கிடந்திருக்கும். அவர்களுக்கும் நன்றி.

சாக்கடை அடைத்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், அதோடு போயிற்று என்று இருந்துவிட முடியாது. கழிவறைக் குழிகளும் நிரம்பி அதே தண்ணீரில் கலக்கின்றன. 2015 ஆகஸ்டில் தாருஸ்ஸலாமில் தொடங்கிய காலரா நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. அந்தச் சமயத்தில் நீங்கள் குறித்து வைத்த ஒவ்வொரு அடைப்பும் மருத்துவக் குறிப்புக்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தான்சானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர்களுக்கும் நன்றி. இந்த வேலைக்குத் துணை நின்ற உலக வங்கிக்கும் தான்சானிய அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்துக்கும் நன்றி சொல்ல அறிக்கைகளில் நிறைய இடம் இருக்கிறது. இங்கே ஒரு வரி போதும்.

மனதில் உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். ம்சிம்பாசிப் படுகையைச் சீரமைக்க 2022-ல் உலக வங்கி 20 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்துக்காக வீட்டை விட்டு இடம் மாறுகிறவர்களில், உங்களுக்குச் சுவரைக் காட்டியவர்களும் இருக்கக்கூடும். இங்கேதான் வரைபடம் திறந்ததாக இருப்பதன் அருமை புரிகிறது. எந்த வீடு எங்கே இருந்தது என்று அதிகாரிகள் மட்டுமல்ல, அந்த வீட்டுக்காரரும் எடுத்துப் பார்க்கலாம், காட்டலாம், கேள்வி கேட்கலாம். இழப்பீடு பேசும்போது அது கொஞ்சமாவது கைகொடுக்க வேண்டும்.

அப்புறம், உங்களுக்குப் பின்னால் வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மார்ச்சில் மசிகா மழை தொடங்குவதற்கு முன்னால் புதிய படங்கள் கிடைத்தால் ஏற்றிவிடச் சொல்லுங்கள். கோடு போட இங்கே ஆள் இருக்கிறோம்.

அன்புடன்,
தொலைவிலிருந்து கூரைகள் வரைந்த ஒரு தன்னார்வலர்